மொனாக்கோவுக்கு இரண்டு மணி நேரம் போதுமா?

கேள்வி, 9 மார்ச் 2025

மே மாதக் கடைசியில் நீஸ் நகரில் நான்கு நாள் தங்குகிறோம். அம்மா, அப்பா உடன் வருகிறார்கள். இருவருக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. மொனாக்கோவுக்குப் போய்வரலாமா? பணக்காரர்களுக்கான ஊர், காசினோவும் காரும் தவிர ஒன்றும் கிடையாது, இரண்டு மணி நேரம் போதும் என்கிறார்கள். போனவர்கள் சொல்லுங்கள்.

9 மார்ச் 2025, இரவு

போதாது. ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

இரண்டு மணி நேரக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். சுற்றுலா வண்டியில் வருகிறவர்களைக் காசினோ சதுக்கத்தில் இறக்கிவிடுவார்கள். வாசலில் நிற்கும் கார்களைப் படம் எடுத்துவிட்டு, ஒரு காபிக்கு அதிகமாகக் காசு கொடுத்துவிட்டு ஏறிவிடுவார்கள். அந்தச் சதுக்கம் மொனாக்கோவின் மிகச் சிறிய பகுதி. இதை மட்டும் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நீஸுக்குப் பக்கத்தில் சோஃபியா அந்திபோலிஸ் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை பார்த்த காலத்தில் ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் கூட்டிக்கொண்டு போன இடம் இதுதான். குறைந்த செலவில், நடந்தும் உட்கார்ந்தும், வயதானவர்களோடு பார்க்கக்கூடிய நாடு.

நாடே சுமார் இரண்டு சதுர கிலோமீட்டர்தான். வத்திக்கானுக்கு அடுத்தபடியாக உலகில் சிறியது. சுமார் 38 ஆயிரம் பேர் வசிக்கிறார்கள். மூன்று பக்கம் பிரான்ஸ், ஒரு பக்கம் கடல்.

10 மார்ச் 2025

அடுத்தது போகும் வழி. ரயில்தான். நீஸிலிருந்து உள்ளூர் ரயிலில் இருபது, இருபத்தைந்து நிமிடம். வலது பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம். வில்ஃபிரான்ஷ், போலியூ, ஏஸ் என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் நடுவில் குகைப்பாதை வரும், வெளியே வந்ததும் நீலம் கண்ணில் அடிக்கும்.

காலை ஒன்பதுக்கு முன்னால் ஏறாதீர்கள். மொனாக்கோவில் வேலை பார்க்கிறவர்கள் அந்த நேரத்தில் நின்றுகொண்டே போவார்கள். மாலை ஐந்திலிருந்து ஏழு வரை திரும்பும் ரயிலும் அப்படித்தான். இதைப் பற்றி அப்புறம் தனியாக எழுதுகிறேன், அந்த ஊரைப் புரிந்துகொள்ள இதுவே நல்ல இடம்.

கடலோரப் பேருந்தும் இருக்கிறது. மலிவு, காட்சியும் அழகு. ஆனால் வளைவுகள் அதிகம், கூட்டம் அதிகம், கோடையில் நிறுத்தத்தில் ஏற முடியாமல் போவதும் உண்டு. பெரியவர்களோடு என்றால் ரயில்.

விமான நிலையம் மொனாக்கோவுக்குக் கிடையாது. நீஸ்தான் அவர்களுக்கும். ஹெலிகாப்டரில் ஏழு நிமிடம் என்று விளம்பரம் வரும். வசதி இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

11 மார்ச் 2025

முழங்கால் வலி பற்றி. இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் இந்த நாட்டின் உண்மையான அளவு நீளத்திலோ அகலத்திலோ இல்லை, உயரத்தில் இருக்கிறது. மலைச் சரிவில் அடுக்கடுக்காகக் கட்டிய ஊர். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்துத் தெருவாகத் தெரியும் இரண்டுக்கும் நடுவில் பத்து மாடி உயரம் இருக்கும். வரைபடத்தை மட்டும் நம்பி நடக்கிறவர்கள் மதியத்துக்குள் சோர்ந்துபோவார்கள்.

அதற்கு அவர்களே வழி வைத்திருக்கிறார்கள். ஊர் முழுக்கப் பொது மின்தூக்கிகளும் நகரும் படிகளும். எல்லாம் இலவசம், சுத்தம். சுவரில் ஒரு சாதாரணக் கதவு போல இருக்கும், உள்ளே போனால் அடுத்த தெருவில் கொண்டுபோய் விடும். என் அம்மாவை அழைத்துப்போனபோது அரண்மனையைவிட இந்த மின்தூக்கிகளைத்தான் அவர் ஊரில் எல்லோரிடமும் சொன்னார். வயதானவர்களை மனதில் வைத்து ஒரு மலையையே இப்படிச் செய்ய முடியும் என்பதைப் பார்க்கவே போகலாம்.

ரயில் நிலையமும் 1999 முதல் மலைக்குள்ளே இருக்கிறது. வெளியே வரப் பல வாயில்கள், ஒவ்வொன்றும் வேறு உயரத்தில். அவசரப்பட்டு முதல் வாயிலில் ஏறிவிடாமல், நீங்கள் போக வேண்டிய பகுதியின் பெயரைப் பலகையில் தேடி அந்த வழியில் போங்கள். பாறைக்குப் போக ஃபோன்வியேய் பக்கம், துறைமுகத்துக்குப் போக செயின்ட் தெவோத் பக்கம்.

11 மார்ச் 2025, சற்றுக் கழித்து

"பாறை" என்றால் என்ன என்று கேட்கிறார்கள். மொனாக்கோ வில் என்ற பழைய ஊர். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய பாறையின் மேல் இருக்கிறது. அரண்மனை, பேராலயம், கடலியல் அருங்காட்சியகம் எல்லாம் அங்கேதான். அதன் காலடியில் லா கோன்தமீன், துறைமுகமும் சந்தையும். துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் மான்டே கார்லோ. மான்டே கார்லோ வேறு நாடு என்றும் தலைநகரம் என்றும் சிலர் நினைக்கிறார்கள், அது ஒரு பகுதியின் பெயர் மட்டும். பாறைக்கு மேற்கே ஃபோன்வியேய், 1970களில் கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலம். கிழக்கே லார்வோத்தோ கடற்கரை. அதற்குப் பக்கத்தில் மாரேதெர்ரா என்று இன்னும் ஆறு ஹெக்டேர் கடலிலிருந்து எடுத்து, 2024 டிசம்பரில் திறந்தார்கள்.

பாறை மேல் ஏற முடியாவிட்டால் நகரப் பேருந்து 1 அல்லது 2 பிடியுங்கள், நேராக மேலே விடும்.

14 மார்ச் 2025

ஒருவர் எழுதியிருக்கிறார்: "சூதாட்டப் பணத்தில் வாழும் நாடு, யாரும் வரி கட்டுவதில்லை, எழுநூறு வருடமாக ஒரே குடும்பம் விடாமல் ஆள்கிறது." மூன்றும் பாதி உண்மை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், போகிறவர்களுக்கு இது தெரிந்திருந்தால் ஊர் வேறு மாதிரி தெரியும்.

குடும்பம். 1297 ஜனவரி 8 அன்று இன்றும் ஆளும் கிரிமால்டி குடும்பத்தின் ஃபிரான்செஸ்கோ, பிரான்சிஸ்கன் துறவி வேடத்தில் கோட்டைக்குள் புகுந்து பிடித்தார் என்பது அவர்களே பெருமையாகச் சொல்லும் வரலாறு. அரண்மனை வாசலுக்குப் பக்கத்தில் அங்கிக்குள் வாளோடு அவர் சிலை நிற்கிறது. நாட்டின் சின்னத்திலும் வாள் ஏந்திய இரண்டு துறவிகள். ஆனால் சில ஆண்டுகளிலேயே கோட்டை கைவிட்டுப்போனது. மறுபடி பிடித்தார்கள், மறுபடி இழந்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது 1793இல் பிரான்ஸோடு சேர்க்கப்பட்டு 1814இல்தான் திரும்பியது. விடாமல் ஆண்டார்கள் என்பதைவிட, விட்டாலும் திரும்ப வந்தார்கள் என்பதுதான் சரி.

சூதாட்டம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1848 வரை மான்டன், ரோக்ப்ரூன் என்ற இரண்டு ஊர்களும் மொனாக்கோவைச் சேர்ந்தவை. எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் வருமானமெல்லாம் அங்கிருந்துதான். வரிச்சுமை தாங்காமல் 1848இல் இரண்டும் பிரிந்துபோயின. 1861 ஒப்பந்தத்தில் பிரான்ஸ் 40 லட்சம் ஃபிராங்க் கொடுத்து அவற்றை எடுத்துக்கொண்டது. நாட்டின் பரப்பில் சுமார் 95 சதவீதம் போய்விட்டது. மிஞ்சியது ஒரு பாறை, ஒரு துறைமுகம், ஆடு மேயும் ஒரு மேடு.

அந்த மேட்டில்தான் மூன்றாம் சார்ல் இளவரசர் பந்தயம் கட்டினார். 1863இல் ஜெர்மனியின் ஹோம்பர்க்கில் காசினோ நடத்திய பிரான்ஸ்வா பிளான் என்பவரை அழைத்து உரிமம் கொடுத்தார். 1866இல் அந்த மேட்டுக்குத் தன் பெயரையே வைத்து மான்டே கார்லோ ஆக்கினார். 1868இல் ரயில் வந்தது. 1869இல் குடிகளுக்கு நேரடி வரியை ரத்து செய்துவிட்டார். வரியால் நிலத்தை இழந்த நாடு, வரியை நீக்கித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது.

இன்று அரசு வருவாயில் காசினோவின் பங்கு சிறியது. பெரும்பகுதி வாட் வரியிலிருந்து வருகிறது. அதாவது நீங்கள் அங்கே காபி குடித்தால் நீங்களும் கட்டுகிறீர்கள். தங்கள் எல்லைக்கு வெளியே குறிப்பிட்ட அளவுக்கு மேல் வியாபாரம் செய்யும் நிறுவனங்களுக்கு லாப வரி உண்டு. குடியிருப்பவர்களுக்கு வருமான வரி இல்லை என்பது உண்மை, ஆனால் அங்கே வசிக்கும் பிரெஞ்சுக் குடிமக்களுக்கு அந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது. 1962 அக்டோபரில் பிரான்ஸின் தெ கோல் அரசு எல்லையில் சுங்கச் சாவடி போட்டு நெருக்கியது, அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தில் அது முடிவானது.

இன்னொன்று: மொனாக்கோ குடிமக்கள் அந்தக் காசினோவில் விளையாடக் கூடாது. வெளியூர்க்காரர் பணம் மட்டும்.

15 மார்ச் 2025

காசினோவுக்குள் போகலாமா என்றால் போகலாம். காலையில் கட்டணம் கட்டி அறைகளைச் சுற்றிப் பார்க்கலாம், விளையாட்டு மதியத்துக்கு மேல். கூடத்துக்குள் நுழையப் பணம் வேண்டாம். விளையாட்டு அறைகளுக்கு 18 வயது, கையில் கடவுச்சீட்டு, அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் இல்லாமல்.

கட்டடத்தை நிதானமாகப் பாருங்கள். கடல் பக்கம் ஓபரா அரங்கம், 1879இல் திறந்தது. பாரிஸ் ஓபராவைக் கட்டிய சார்ல் கார்னியேவின் வேலை. தியாகிலெவின் ரஷ்ய பாலே குழு பல ஆண்டுகள் இங்கேதான் குளிர்காலத்தைக் கழித்து ஒத்திகை பார்த்தது. சூதாட வந்தவர்களின் பணத்தில் உலகின் சிறந்த நடனம் வளர்ந்தது என்பதை யாரும் சுற்றுலாவில் சொல்வதில்லை.

விளையாட ஆசைப்படுகிறவர்களுக்கு: ரூலெட் சக்கரத்தில் 37 இடங்கள், ஒன்று பூஜ்ஜியம். வைக்கும் நூறு யூரோவுக்குச் சராசரியாக 2.70 காசினோவுக்குப் போகும். 1913 ஆகஸ்ட் 18 இரவு இங்கே பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழுந்தது. "இனிமேல் சிவப்புதான்" என்று கட்டிக்கொண்டே இருந்தவர்கள் லட்சக்கணக்கில் இழந்தார்கள். சக்கரத்துக்கு நினைவு கிடையாது. குழந்தைகளுக்கு நிகழ்தகவு சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

16 மார்ச் 2025

கேள்வியை மறுபடி படித்தேன். மே மாதக் கடைசி என்று இருக்கிறது! தேதியைச் சரிபாருங்கள். 2025இல் மொனாக்கோ கிராண்ட் பிரி என்ற ஃபார்முலா 1 கார் பந்தயம் மே 23 முதல் 25 வரை. பந்தயம் பார்க்கப் போகவில்லை என்றால் அந்த வாரத்தைத் தவிருங்கள். சாலைகள் மூடியிருக்கும், துறைமுகம் முழுக்க இரும்பு அரங்குகள், அறை விலை பல மடங்கு. அரங்குகள் கட்டுவது பல வாரம் முன்பே தொடங்கி, பிரிப்பதற்கும் நாளாகும். முடிந்தால் ஜூன் நடுவுக்கு மாற்றுங்கள். 2026 முதல் பந்தயமே ஜூனுக்கு மாறுகிறது, 2026இலும் அதற்குப் பிறகும் போகிறவர்கள் கவனிக்கவும்.

17 மார்ச் 2025

பந்தயம் பற்றி இளைஞர்கள் நிறைய கேட்கிறார்கள். மற்ற நாட்களில் அதன் பாதை சாதாரணச் சாலை. 3.337 கிலோமீட்டர், நீங்களே நடந்து பார்க்கலாம், காசு இல்லை. செயின்ட் தெவோத் தேவாலயத்தில் தொடங்கி மேடேறி காசினோ சதுக்கம், அங்கிருந்து இறங்கி ஊசி முனை வளைவு, அப்புறம் சுரங்கப்பாதை, துறைமுக ஓரம், நீச்சல் குளம், ராஸ்காஸ் வளைவு. சுரங்கத்திலிருந்து வெயிலுக்கு வரும் இடத்தில் நின்று, அங்கே ஒருவர் மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் வருவதை நினைத்துப் பாருங்கள்.

முதல் பந்தயம் 1929. காரணம் சுவையானது. மொனாக்கோவின் மோட்டார் சங்கம் 1911 முதல் ராலி நடத்தினாலும், அது பெரும்பாலும் மற்ற நாட்டுச் சாலைகளில் நடந்தது. சர்வதேச அமைப்பு முழு அங்கீகாரம் கொடுக்க, சொந்த மண்ணில் ஒரு பந்தயம் வேண்டியிருந்தது. இருந்த மண்ணோ இவ்வளவுதான், அதனால் ஊருக்குள்ளேயே ஓட்டினார்கள். மற்ற ஃபார்முலா 1 பந்தயங்கள் சுமார் 305 கிலோமீட்டர், இங்கே மட்டும் 78 சுற்று, சுமார் 260. ஐர்ட்டன் சென்னா ஆறு முறை வென்ற இடம். 2024இல் சார்ல் லெக்லேர் வென்றபோது, 1931க்குப் பிறகு சொந்த ஊர்க்காரர் ஒருவர் வென்ற முதல் முறை அது. அன்று இன்றைய ஆட்சியாளர் இரண்டாம் அல்பேர் இளவரசர் மேடையில் கண் கலங்கியதை உலகமே பார்த்தது.

அந்த முதல் வளைவுக்குப் பெயர் தந்த தேவாலயத்தையும் எட்டிப் பாருங்கள். தெவோத் நாட்டின் காவல் புனிதர். ஜனவரி 26 மாலையில் அதன் முன்னால் ஒரு படகை எரிப்பார்கள்.

22 மார்ச் 2025

கடலியல் அருங்காட்சியகம். நுழைவுச்சீட்டு விலை உறுத்தும், ஆனாலும் இந்த நாட்டில் ஒரே ஒரு இடத்துக்குப் பணம் கொடுப்பதென்றால் இதற்குக் கொடுங்கள். கடலிலிருந்து 85 மீட்டர் செங்குத்தாக எழும் கல் கட்டடம், 1910இல் திறந்தது. கட்டியவர் முதலாம் அல்பேர் இளவரசர். பொழுதுபோக்குக்குக் கப்பல் வைத்திருந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்க்டிக் வரை போய்க் கடலை அளந்த உண்மையான ஆய்வாளர்.

1901இல் அவர் கப்பலில் ஷார்ல் ரிஷே, போல் போர்த்தியே என்ற இரண்டு விஞ்ஞானிகள் போனார்கள். "போர்த்துகீசியப் போர்க்கப்பல்" என்று பெயர் கொண்ட, ஜெல்லிமீன் போன்ற கடல் உயிரியின் விஷத்தை ஆராயச் சொன்னவர் இளவரசர். அந்த வேலையைத் தொடர்ந்து பாரிஸில் செய்தபோதுதான், உயிருக்கே ஆபத்தாகும் கடும் ஒவ்வாமையைக் கண்டுபிடித்தார்கள். அனாஃபிலாக்சிஸ் என்ற பெயரும் அவர்கள் வைத்ததுதான். ரிஷேக்கு 1913இல் நோபல் பரிசு. வேர்க்கடலை சாப்பிட்டு மூச்சுத் திணறும் குழந்தைக்கு இன்று ஊசி போட்டுக் காப்பாற்றுகிறோமே, அந்த அறிவின் ஒரு நுனி இந்தச் சின்ன நாட்டின் கப்பலில் இருக்கிறது. எனக்கு மொனாக்கோ என்றால் இதுதான் முதலில் நினைவுக்கு வரும், கார் இல்லை.

பிறகு 1957 முதல் 1988 வரை கடல் ஆய்வாளர் ஜாக் கூஸ்தோ இங்கே இயக்குநர். கீழ்த்தளம் மீன்காட்சியகம், பெரியவர்கள் உட்கார இடம் உண்டு. மொட்டை மாடிக்குக் கட்டாயம் போங்கள்.

23 மார்ச் 2025

காவலர் மாற்றம் தினமும் 11.55க்கு, அரண்மனை முன்னால். பதினொன்றரைக்கே போய் நில்லுங்கள். முடிந்ததும் பேராலயம். கிரேஸ் கெல்லியின் கல்லறை அங்கே இருக்கிறது, "கிராட்டியா பாட்ரீசியா" என்று லத்தீனில் எழுதியிருக்கும். 1956இல் ஹாலிவுட்டை விட்டு இளவரசர் மூன்றாம் ரெய்னியரை மணந்தார், 1982இல் கார் விபத்தில் இறந்தார். இன்றும் அந்தக் கல்லின் மேல் பூ வைக்கிறார்கள்.

பக்கத்தில் செயின்ட் மார்ட்டின் தோட்டம், நிழலும் பெஞ்சும் கடலும். இலவசம்.

6 ஏப்ரல் 2025

சைவச் சாப்பாடு. கோன்தமீன் சந்தைக்குப் போங்கள், 1880 முதல் இருக்கிறது. அங்கே சோக்கா கேளுங்கள். கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். பெரிய செப்புத் தட்டில் அடுப்பில் வைத்துச் சுட்டு, மிளகு தூவிச் சூடாகத் தருவார்கள். நம் அடைக்குத் தூரத்துச் சொந்தம் போல இருக்கும், என் அப்பா வேறு எதுவும் வேண்டாம் என்றுவிட்டார். பார்பஜுவான் என்பது கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துப் பொரித்தது, நாட்டின் விழா நாளான நவம்பர் 19இல் வீட்டுக்கு வீடு செய்வார்கள். சில இடங்களில் முட்டை சேர்ப்பதால் கேட்டுக்கொள்ளுங்கள். பான் பான்யா என்ற ரொட்டிக்குள் மீன் இருக்கும்.

காசினோ சதுக்கத்தில் கொடுக்கும் ஒரு காபியின் விலைக்கு இங்கே வயிறு நிறையும்.

8 ஏப்ரல் 2025

எந்த வரிசையில் பார்ப்பது? கோடையில் வருகிறவர்களுக்கு இந்த வரிசை நல்லது. காலையில் சந்தை, பத்துக்குள் பாறை, உச்சி வெயிலில் அருங்காட்சியகத்துக்குள். மூன்று மணிக்குமேல் துறைமுகத்தைக் கடக்கச் சின்ன மின்படகு இருக்கிறது, பேருந்து போலக் கட்டணம். அதில் ஏறினால் மேடு இறங்கி மேடு ஏறும் வேலை மிச்சம். மாலையில் மான்டே கார்லோ, அப்புறம் லார்வோத்தோ கடற்கரையும் ஜப்பானியத் தோட்டமும், இரண்டுக்கும் கட்டணம் இல்லை. மே மாதம் என்றால் ஃபோன்வியேயில் கிரேஸ் இளவரசி ரோஜாத் தோட்டத்தை விடாதீர்கள். அம்மாவுக்கு அது போதும்.

கடற்கரையைத் தாண்டிச் சட்டையில்லாமலோ வெறுங்காலோடோ நடக்கத் தடை. காவலர் உண்மையிலேயே நிறுத்துவார்.

20 ஏப்ரல் 2025

வேலைக்கு வருகிறவர்களைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன்.

மொனாக்கோவில் வசிப்பவர்களைவிட வேலை பார்க்கிறவர்கள் அதிகம், 50 ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாலோர் பிரான்ஸிலிருந்தும் இத்தாலியின் வெந்திமிலியா பக்கமிருந்தும் தினமும் வருகிறார்கள். அங்கே ஒரு சதுர மீட்டர் வீடு 50 ஆயிரம் யூரோவைத் தொடும், சமையல்காரரும் செவிலியரும் எப்படிக் குடியிருக்க முடியும்? தெருவைக் கடந்தால் பொசோலேய், அது பிரான்ஸ். ஒரே தெருவின் இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் ஒரு நாடு, பலகையைத் தவிர எந்த அடையாளமும் கிடையாது. பலர் அங்கிருந்து நடந்தே வருகிறார்கள்.

மாலை ஆறு மணி ரயிலில் ஒருமுறை வெந்திமிலியாவுக்குப் போகும் ஒரு அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறார், மகன் படிப்பு அந்தச் சம்பளத்தில் நடக்கிறது என்றார். காலையில் பார்த்த மின்னும் கண்ணாடிகளை எல்லாம் துடைக்கிறவர்கள் அந்தப் பெட்டியில்தான் இருந்தார்கள். பணக்காரர்களின் ஊர் என்று மட்டும் சொல்கிறவர்கள் இவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதுதான் என் கோபம்.

மொனாக்கோ குடியுரிமை உள்ளவர்கள் சொந்த நாட்டிலேயே சிறுபான்மை, சுமார் நாலில் ஒருவர்தான். சந்தை விலையில் அவர்களாலும் வீடு வாங்க முடியாது என்பதால் அரசே கட்டிக் குறைந்த வாடகைக்குத் தருகிறது. இதையும் பெருமையாகச் சொல்லத்தான் வேண்டும்.

2 மே 2025

கிளம்பும் முன் சில்லறைக் கேள்விகள்.

விசா: பிரான்ஸுக்கு எடுத்த ஷெங்கன் விசா போதும், எல்லையில் சோதனை இல்லை. ஆனாலும் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். நினைவு முத்திரை வேண்டுமானால் சுற்றுலா அலுவலகத்தில் குத்தித் தருவார்கள்.

பணம்: யூரோ. மொனாக்கோ தன் பெயரில் யூரோ நாணயங்களையும் வெளியிடுகிறது, சில்லறையில் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

தொலைபேசி: இது முக்கியம். நாட்டுக் குறியீடு 377, பிரான்ஸ் 33. மொனாக்கோ ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. பிரான்ஸுக்கு வாங்கிய திட்டம் அங்கே செல்லுமா என்று வாங்கும்போதே கேளுங்கள். செல்லாது என்றால் ரயில் உள்ளே நுழையும்போது டேட்டாவை அணைத்துவிடுங்கள், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் ரயிலுக்கான சீட்டை நீஸிலேயே எடுத்துவிடுங்கள். மாலையில் மொனாக்கோ நிலையத்து இயந்திரங்கள் முன்னால் வரிசை நீளமாக இருக்கும், அம்மாவை அங்கே நிற்க வைக்க வேண்டாம்.